குடிக்கிறவனுக்கும் ஒரு நாற்காலி போடு

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் நம்ம ஜனங்கள். மூட்டை தூக்குகிறவர்கள், அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள். செத்ததில் பெண்களும் உண்டு. பிணம் எரிந்து அடங்குவதற்குள் எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அமைச்சர்கள் பேசினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் பேசினார்கள். காந்தியவாதிகள் பேசினார்கள். தொலைக்காட்சியில் மனநல மருத்துவர்கள் பேசினார்கள். நம்முடைய தலைவர்களும் பேசினார்கள். ஒரு நபர் விசாரணை ஆணையம் வந்தது, குடும்பத்துக்குப் பத்து லட்சம் வந்தது, மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரைக்கும் கொண்டுபோனார்கள். இத்தனை பேர் கூடிய சபையில் ஒருத்தனுக்கு மட்டும் இடமில்லை. அந்தச் சாராயத்தையே குடித்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, உயிர் பிழைத்து வந்தவன். அவனிடம் போலீஸ் வாக்குமூலம் வாங்கியது, பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். 'இன்னொரு தடவை இப்படி நடக்காமலிருக்க என்னய்யா செய்யலாம், நீ சொல்லு' என்று உட்கார வைத்து அவனைக் கேட்டது யார்?

கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறக்கிறது. குடிக்குப் பழகிப்போன கூலிக்காரனுக்குக் கை நடுக்கம் விடியற்காலை ஐந்து மணிக்கே வந்துவிடும். அந்த நடுக்கத்தோடு அவனால் மண்வெட்டி பிடிக்க முடியாது, பீடி பற்றவைக்கவும் முடியாது. பாக்கெட் சாராயம் விற்பதெல்லாம் இந்த ஏழு மணி நேர இடைவெளியில்தான். டாஸ்மாக்கில் ஆகக் குறைந்த குவார்ட்டர் அப்போது 140 ரூபாய், பாக்கெட் 60 ரூபாய். இது சேரியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. இந்தக் காலை நேரத்துக் குடியைப் பற்றி அரசாங்கம் ஒருமுறை வாய் திறந்தது. 2023 ஜூலையில் மதுவிலக்குத் துறை அமைச்சர் முத்துசாமி, உழைப்பாளிகளுக்காகக் கடையைச் சீக்கிரம் திறக்கலாமா, 90 மில்லி அட்டைப் பாக்கெட் கொண்டுவரலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். நாடே சிரித்தது. கள்ளக்குறிச்சி சாவுக்குப் பிறகு மூத்த அமைச்சர் துரைமுருகன், டாஸ்மாக் சரக்கில் 'கிக்' போதாமல்தான் உழைக்கிறவன் சாராயத்தைத் தேடிப் போகிறான் என்று சட்டமன்றத்தில் பேசினார். ஒருவர் நேரத்தைச் சொன்னார், இன்னொருவர் போதையைச் சொன்னார். விற்பனைக்கு எது தேவையோ அந்த அளவுக்குக் குடிகாரனைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு நடுங்குகிற கைக்கு மாத்திரை தர ஒரு இடம் திறந்திருக்க வேண்டும் என்று எந்த வாயிலிருந்தும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லியிருப்பான். மெத்தனால் வயிற்றுக்குள் போன உடனே ஆளைக் கொல்லாது. உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, கண்ணைக் கெடுத்து, மூச்சை நிறுத்த மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் மாற்று மருந்து உண்டு, ரத்தத்தைச் சுத்திகரிக்கலாம், உயிரும் கண்ணும் தப்பும். கருணாபுரத்தில் முதல் சாவுகள் விழுந்தபோது, சாராயம் காரணமில்லை என்று நிர்வாகம் சொன்னது. அதை நம்பி இழவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. குடித்தவன் ஏன் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை? சீட்டு எழுதுகிற இடத்திலேயே 'எங்கே குடிச்சே, யார்கிட்ட வாங்கினே' என்று கேட்பார்கள், பின்னாலேயே போலீஸ் வரும் என்ற பயம். இந்தப் பயம் எந்த ஆய்வுக்கூடத்திலும் கண்டுபிடிக்கிற விஷயமில்லை. குடிக்கிறவனைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவான்.

கேட்காததால் செத்தது கள்ளக்குறிச்சியில் மட்டுமா? 2020 மார்ச் 24ஆம் தேதி ஊரடங்கென்று டாஸ்மாக்கை ஒரே நாளில் மூடினார்கள். நோய்க்கு மூடினார்கள், சரி. தினமும் குடித்த உடம்புக்குத் திடீரென்று நிறுத்தினால் இழுப்பு வரும், சித்தம் கலங்கும், உயிரே போகும். இது மருத்துவப் புத்தகத்திலும் இருக்கிறது, குடிகாரன் அனுபவத்திலும் இருக்கிறது. மூடுவதற்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடுக்கத்துக்கு மாத்திரை வைத்துவிட்டு மூடியிருக்கலாமே. அந்த ஏப்ரலில் செங்கல்பட்டில் வார்னிஷைக் குடித்துச் செத்தார்கள். புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் முகச்சவரத் திரவத்தைக் குளிர்பானத்தில் கலந்து குடித்துச் செத்தார்கள். கேரளத்தில் மருத்துவர் சீட்டோடு மதுவை அளந்து கொடுக்கப் பார்த்தார்கள். உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டது. அது சரியா தப்பா என்பது வேறு பேச்சு. இங்கே பேச்சே இல்லை.

நான் சொல்கிற விஷயத்துக்கு உலகத்தில் 'தீங்குக் குறைப்பு' என்று பெயர். குடியையோ ஊசியையோ இன்றைக்கே விடமுடியாதவன், விடுகிற நாள் வரும் வரைக்கும், ஒருவேளை வராமலே போனாலும், சாகாமல், கண் போகாமல், நோய் ஒட்டாமல் இருக்க வழி செய்வது. நம்ம ஊரில் இதைச் சொன்னால் ஏதோ மேல்நாட்டு அறிஞன் கண்டுபிடித்த திட்டம்போலப் பார்க்கிறார்கள். ஊசி மாற்றித் தரும் திட்டத்தை 1984இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி வைத்தது யார் தெரியுமா? போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கம், 'யுங்கிபாண்ட்'. ஒரு மருந்துக் கடைக்காரன் ஊசி விற்க மாட்டேன் என்றான். மஞ்சள் காமாலை பரவும் என்று அவர்கள் பயந்தார்கள். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்க வேண்டும் என்று அவர்களே முன்கை எடுத்தார்கள், நகர சுகாதாரத் துறை பின்னால் வந்தது. கனடாவில் வான்கூவர் நகரத்துத் தெருவோரத்தில் கிடந்தவர்கள் 1990களின் கடைசியில் சங்கம் கட்டினார்கள். அவர்களும் போராடியதன் பலன், மருத்துவத் தாதியின் கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் இடம் 2003இல் திறந்தது. அதை மூடப் பார்த்த மத்திய அரசு 2011இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. தெருவில் கிடந்தவன்தான் அங்கே வாதி.

மேல்நாட்டுக் கதை வேண்டாம் என்றால் மணிப்பூருக்கு வாருங்கள். பர்மா எல்லையில் ஹெராயின் மலிவு. 1990 வாக்கில் ஊசி போடும் இளைஞர்களிடம் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது, அடுத்த சில மாதங்களில் காட்டுத்தீ மாதிரி பரவியது. அரசு அவர்களைச் சிறையில் போட்டது. விடுதலைக்குப் போராடுவதாகச் சொன்ன தலைமறைவு இயக்கங்கள் 'சமூகத்தைச் சுத்தம் செய்கிறோம்' என்று அவர்கள் காலில் சுட்டன. இந்த இடத்தைத் தோழர்கள் இன்னொரு தடவை படிக்க வேண்டும். ஒடுக்குகிறவனும் ஒடுக்குமுறையை எதிர்க்கிறவனும் ஒரே ஆளின் காலைக் குறிவைத்தார்கள். சிறையும் சூடும் நோயை நிறுத்தவில்லை. 1996இல் மணிப்பூர் அரசு தன் எய்ட்ஸ் கொள்கையிலேயே தீங்குக் குறைப்பை ஏற்றுக்கொண்டது. சுத்தமான ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனவர்களில் நிறையப் பேர் ஊசி போட்டுப் பழகியவர்களே. வேறு யார் போனால் அந்தக் கதவு திறக்கும்?

அந்த அனுபவமெல்லாம் தேசியத் திட்டத்துக்குள் வந்தபோது என்ன ஆயிற்று? 'சகக் கல்வியாளர்' என்று ஒரு பதவி உண்டாக்கினார்கள். பேர் நன்றாக இருக்கிறது. அவன் வேலை ஊசியை எண்ணிக் கொடுப்பது, எண்ணி வாங்குவது, நோட்டில் எழுதுவது, ஆட்களைப் பரிசோதனைக்குக் கூட்டி வருவது. மையம் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், எந்தத் தெருவில் இருக்க வேண்டும், நாக்கடியில் வைக்கும் மாற்று மருந்தை ஒரு நாளைக்குத் தருவதா ஒரு வாரத்துக்குத் தருவதா, இதிலெல்லாம் அவனுக்கு வாயில்லை. சொற்ப மதிப்பூதியம். நமக்கு இது புது ஏற்பாடா? சேரிக்காரன் உடம்பு வேண்டும், கால் வேண்டும், அவன் நுழையும் சந்து வேண்டும். அவன் மூளை மட்டும் வேண்டாம். வெட்டியானுக்கும் தோட்டிக்கும் ஊர் கொடுத்த மரியாதையை இந்தத் திட்டம் இவனுக்குக் கொடுத்திருக்கிறது.

இனி எங்க ஊர் ஆரணி. கமண்டல நாகநதிக் கரை. பட்டுக்கும் அரிசிக்கும் பேர் போனது. பார்பரா ஹாரிஸ்-வைட் என்ற ஆங்கிலேயப் பேராசிரியை 1973 தொடங்கி நாற்பது வருஷம் எங்க ஊர்க் கடை கண்ணியை எல்லாம் எண்ணிப் புத்தகம் போட்டிருக்கிறார். நல்ல காரியம். குடித்தும் ஊசி போட்டும் போன உயிர்களை நாங்கள்தான் எண்ண வேண்டும், வேறு யாரும் வரமாட்டார்கள். பட்டுத்தறி முதலியார் வீட்டுத் தொழில் என்று பேர், ஆனால் சுற்று வட்டாரத்தில் நம்ம ஆட்களும் கூலித்தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள். குழித்தறியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பத்து மணி நேரம் மிதிக்க வேண்டும். முன்பணம் வாங்கியிருப்பதால் எழுந்து வேறு இடத்துக்குப் போக முடியாது. இடுப்பு எலும்பு தேய்ந்துபோகும். மில்லில் மூட்டை தூக்குகிறவனுக்குக் கழுத்தும் முதுகும். என் அப்பாவுக்கு இந்தக் கழுத்து இருந்தது, சாயங்காலம் ஒரு குவார்ட்டரும் இருந்தது. 'வலிக்குடா, போடலன்னா தூக்கம் வராது' என்பார். எம்.ஏ. படித்த மகன் அதைச் சாக்கு என்று நினைத்தான். அது சாக்கோ இல்லையோ, அந்த வலிக்கு வேறு மருந்து யாரும் கொடுக்கவில்லை.

இப்போதைய பையன்கள் குவார்ட்டரை விட்டு மாத்திரைக்குப் போகிறார்கள். டேபென்டடால் என்கிற வலி மாத்திரை. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதது. அதைக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மாவும் பூச்சும் கலந்திருக்கும், அது ரத்தத்தில் கரையாது. நரம்பு அடைக்கும், சீழ்க்கட்டி வரும், ஒரே ஊசியில் நாலு பேர் போட்டால் காமாலையும் எச்.ஐ.வி.யும் வரும், அளவு மீறினால் மூச்சு நிற்கும். என் சித்தி மகன் இதில் இருந்தான். அவனுக்கு 22 வயசு. அவன் சொன்ன ஒரு வார்த்தை போதும்: 'அண்ணா, மாத்திரைய எடுத்துக் குடுக்கிறவனே ஊசி கேட்டா மூஞ்சிய பாத்து இல்லேன்றான்.' மாத்திரை விற்றால் காசு பத்து மடங்கு, அதனால் பயமில்லை. புது ஊசி ஐந்தோ பத்தோ ரூபாய், அதற்குத்தான் பயமும் ஒழுக்கமும்! ஆம்ஸ்டர்டாமில் 1984இல் நடந்த அதே கதை எங்க ஊர்ச் சந்தில் நடக்கிறது. சங்கம் மட்டும் இல்லை.

வீட்டில் பயந்துபோய் அவனை ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். சித்தி தோட்டை விற்றுப் பணம் கட்டினாள். விடிகாலை வேன் வந்தது, நாலு பேர் அமுக்கித் தூக்கிப் போனார்கள். மொட்டை அடித்தார்கள். போன் கிடையாது. எதிர்த்துப் பேசினால் அடி. காலையில் பிரார்த்தனை, மத்தியானம் கக்கூஸ் கழுவுதல். யார் எந்தச் சாதி என்று பார்த்துத்தான் கழுவுகிற வேலையைப் பிரித்தார்கள் என்று வந்த பிறகு சொன்னான். போதை தீர்க்கிற இடத்திலும் சாதி தீரவில்லை பாருங்கள். மூன்று மாதம் சுத்தமாக இருந்து வெளியே வந்தான். வந்த பதினோராம் நாள் பழைய அளவையே ஏற்றிக்கொண்டான். மூன்று மாதம் விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. அடைபட்ட இடத்திலிருந்து வெளியே வந்த முதல் வாரங்களில்தான் இந்தச் சாவு அதிகம் என்பது உலகம் முழுவதும் தெரிந்த விஷயம். அந்த மையத்தில் ஒருத்தரும் அவனுக்கு அதைச் சொல்லவில்லை. சொன்னால் 'மறுபடியும் போடுவே' என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். ஒழுக்கம் காப்பாற்றப்பட்டது, பையன் போய்விட்டான்.

சட்டம் இல்லாமலில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலையையும் மனநோய்க்குள் வைக்கிறது. கட்டாய மொட்டை கூடாது என்று எழுத்திலேயே இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்ட 28 பேர் தீயில் வெந்து செத்தார்கள். அந்த வெட்கத்துக்குப் பிறகு இத்தனை வருஷம் கழித்து வந்த சட்டம். அதில் இன்னொரு விதி இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. மாநில மனநல ஆணையத்தில் மனநோய் உள்ளவர்கள் அல்லது இருந்து மீண்டவர்கள் சார்பில் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஆக நாற்காலி சட்டப்படியே இருக்கிறது. குடியிலும் ஊசியிலும் விழுந்தெழுந்த சேரி ஆள் ஒருத்தருக்கு அதில் உரிமை உண்டு என்று கேட்க நமக்கு ஏன் வாய் வரவில்லை? பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலிக்காக ரத்தம் சிந்தியவர்கள் நாம். 1997இல் மேலவளவில் ஆறு பேரைக் கொடுத்திருக்கிறோம். நாற்காலி என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வாய் வராததற்குக் காரணம் வெட்கம். 'சேரி என்றாலே குடி' என்று ஊர் சொல்லிச் சொல்லி, அதை மறுக்கிற வேகத்தில் நம்ம குடிகாரனை நாமே ஒளித்து வைத்துவிட்டோம். கூட்டத்துக்குக் குடித்துவிட்டு வந்தவனைத் தள்ளிக்கொண்டு போய் வெளியே விடுகிறோம். இன்னொரு பக்கம், தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளில் குடியைக் கலகம் என்றும் ஒழுங்கை உடைக்கும் பண்பாடு என்றும் கொண்டாடினார்கள் சிலர். எம்.ஏ. படிக்கும்போது அந்தப் பழைய இதழ்களைத் தேடிப் படித்து நானும் கிறங்கியிருக்கிறேன். ஒருவர் குடிகாரனைத் துடைத்தெறிகிறார், ஒருவர் அவனைக் கொடியில் ஏற்றுகிறார். காலையில் நடுங்குகிற அவன் கையை இரண்டு பேரும் பிடித்துப் பார்க்கவில்லை.

அண்ணல் அம்பேத்கரைக் காட்டி வாயடைக்கப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1956 அக்டோபர் 14, நாகபுரியில் அவர் கொடுத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. உண்மை. அதே அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு 1951 தேர்தல் அறிக்கையில் அரசாங்க மதுவிலக்கைக் கடுமையாக எதிர்த்தது. கல்விக்கும் வளர்ச்சிக்கும் போக வேண்டிய வருமானம் போகிறது, சாராயம் வீட்டுக்குள்ளேயே காய்ச்சப்படுகிறது என்பது அவர்கள் வாதம். தன் மக்களைப் பார்த்துக் குடிக்காதே என்று சொல்வது வேறு, தடியை அரசின் கையில் கொடுப்பது வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டில் அந்தத் தடி எத்தனை முறை கை மாறியது! 1937இல் சேலத்தில் ராஜாஜி மூடினார், 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் திறந்தார்கள், 1983இல் டாஸ்மாக் வந்தது, 2003 நவம்பரில் சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக்கொண்டது. 2023-24இல் வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மூடும்போதும் குடிக்கிறவனைக் கேட்கவில்லை, திறக்கும்போதும் கேட்கவில்லை. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மிச்சம் 37 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்க அந்த 45,000 கோடியில் இடமில்லை.

'அடிபடுகிற பொண்டாட்டிக்கு நாற்காலி கிடையாதா, அடிக்கிறவனுக்கா?' என்று என் அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி, அவள் அடிபட்டவள். 2024 அக்டோபர் 2இல் உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் கூட்டிய மது ஒழிப்பு மகளிர் மாநாட்டுக்கு வந்த பெண்களின் கோபம் ஒவ்வொன்றும் நியாயம். அவர்களுக்கு முதல் வரிசையில் போடுங்கள் நாற்காலியை. தீங்கு என்று சொல்வதில் அவள் உடம்பில் விழுகிற அடியும் சேரும். அதைக் குறைக்காத எதுவும் தீங்குக் குறைப்பாகாது. அடித்தவன் மேல் வழக்குப் போடுங்கள், அதற்கு நான் குறுக்கே வரவில்லை. அடிக்காத குடிகாரனும் இருக்கிறான், குடிக்காமல் அடிக்கிறவனும் இருக்கிறான். குடிக்கிற பெண்ணும் இருக்கிறாள், அவளைப் பற்றி ஆண்களும் பேசுவதில்லை, பெண்களும் பேசுவதில்லை. களத்தில் நெல் துழாவிவிட்டுச் சாயங்காலம் அரை கிளாஸ் போடுகிற பாட்டிமார்கள் எங்க தெருவிலேயே உண்டு. அவர்களுக்கு எந்த மறுவாழ்வு மையத்திலும் கட்டில் இல்லை.

மலக்குழிக்குள் இறங்குகிற ஒரு அண்ணனிடம் குடியை விடச் சொல்லிப் பேசப் போனோம், மூன்று வருஷம் முன்பு. துண்டறிக்கையெல்லாம் வைத்திருந்தோம். 'போடாம உள்ள எறங்கிப் பாரு தம்பி, அப்புறம் நோட்டீசு குடு' என்றார். 2013இலேயே சட்டம் போட்டாயிற்று, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாவுக்கு 30 லட்சம் கொடு என்று சொல்லியாயிற்று. ஆள் இறங்குவது நிற்கவில்லை. அவரைக் கேட்டுத் திட்டம் போட்டால் முதல் வரியில் இயந்திரம் வரும். ஆலோசனை மையம் ஐந்தாவது வரிக்குக்கூட வராது.

ஆரணியிலிருந்து நாங்கள் கேட்பது பெரிசில்லை. மாவட்டத்தில் போதை ஒழிப்பு என்று எந்தக் குழு போட்டாலும், குடிக்கிறவர்களும் ஊசி போடுகிறவர்களும் தங்களுக்குள் பேசித் தேர்ந்தெடுத்த ஆட்கள் அதில் இருக்க வேண்டும். அவர்களில் சேரிக்காரர்கள் இருக்க வேண்டும். பெண்கள் இருக்க வேண்டும். முழுசாக விட்டவனைத்தான் சேர்ப்போம் என்று நிபந்தனை போடக் கூடாது. அவர்கள் அங்கே சொன்னது போலீஸ் காதுக்குப் போகாது என்று எழுத்தில் உறுதி வேண்டும். அவர்கள் முடியாது என்று சொன்னால் அந்தத் திட்டம் நிற்க வேண்டும். இல்லையென்றால் அது நாற்காலியில்லை, திண்ணைதான்.

கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள். தறியிலிருந்து இறங்கி, மில் விட்டு, ஆள் வீடு வந்து சேர ஏழு மணி ஆகும். அதற்குப் பிறகு வையுங்கள். வருகிறவன் கொஞ்சம் போட்டுவிட்டுத்தான் வருவான், வாசலில் வாயை ஊதிப் பார்த்துத் திருப்பி அனுப்பாதீர்கள். வெளியூரிலிருந்து வருகிற நிபுணருக்குப் பயணப்படி கொடுக்கிறீர்கள் அல்லவா, இவனுக்கு ஒரு நாள் கூலியைக் கொடுங்கள். கையெழுத்து வாங்குகிறபோது கை நடுங்கும், கொஞ்சம் பொறுத்து வாங்குங்கள்.